புட்டியில் இருப்பது மதுவா, பெயரா?

பிறந்த நாள் என்றால் நம் வீட்டில் பாயசம். பிரெஞ்சு நாட்டில் ஒயின்.

திராட்சைப் பழச்சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மதுவுக்குத்தான் ஒயின் என்று பெயர். அங்கே அது சாப்பாட்டோடு சேர்ந்த பானம். வசதியுள்ள வீட்டில் ஒருவருக்கு 50 வயதோ, 60 வயதோ நிறைந்தால், நெருங்கிய நண்பர்களை விருந்துக்கு அழைப்பார்கள். நிலவறையில் பல காலமாகக் கிடக்கும் பழைய புட்டிகளை அன்று மேலே கொண்டு வருவார்கள்.

அதிலும் ஒரு விசேஷம் உண்டு. விருந்து நாயகருக்கு என்ன வயதோ, அதே வயதுள்ள ஒயினைத் தேடிப் பிடிப்பார்கள். அவர் 1961-ல் பிறந்தவரா? 1961-ல் பறித்த திராட்சையில் செய்த ஒயின் மேஜைக்கு வரும்.

"இது என்ன கூத்து? அறுபது வருஷம் ஒரு பானம் கெடாமல் இருக்குமா?" என்று கேட்பீர்கள். சில கெடாமல் இருக்கும். பல கெட்டுப்போகும்.

குடும்பத்தோடு படிக்கும் பக்கத்தில் மதுவைப் பற்றி என்ன பேச்சு என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு சங்கதி. ஒரு பண்டத்தை நாம் நாக்கால் ருசிக்கிறோமா, அல்லது அதன் பெயரைக் கேட்டு ருசிக்கிறோமா? இதைப் பழைய ஒயின் காட்டுவது போல வேறு எதுவும் காட்டாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஒயினை நண்பர்களோடு உட்கார்ந்து திறந்து தீர்ப்பது சரி. அதைப் பூட்டி வைத்துப் பெயரைச் சொல்லிப் பெருமை அடிப்பது தவறு. விருந்து மேஜைக்கு வரும்போதுகூட, அந்தப் பெயரை ஒரு துணி போட்டு மூடிவிட வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம்.

புட்டிக்குள் என்ன நடக்கிறது?

பிரான்சின் தென்மேற்கில் பொர்தோ என்ற ஊர் இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குப் பேர் போன ஊர்.

அங்கே கருந்திராட்சையைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். தோலிலும் விதையிலும் துவர்ப்பு இருக்கிறது. ஆகவே புது ஒயின் வாயில் பட்டால், நாவற்பழம் தின்றதுபோல நாக்கு இழுத்துப் பிடிக்கும்.

அதை 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் வைப்பார்கள். பிறகு 750 மில்லி லிட்டர் புட்டிகளில் அடைப்பார்கள். மூடி, தக்கை மரத்தின் பட்டையில் செய்தது. புட்டியை நிறுத்தி வைக்க மாட்டார்கள், படுக்க வைப்பார்கள். நிறுத்தி வைத்தால் தக்கை உலர்ந்து சுருங்கும். காற்று உள்ளே போய்விடும்.

வெயில் படாத அறை. 12, 13 டிகிரிக் குளிர்ச்சி. அங்கே புட்டி கிடக்கும். பத்து வருஷம், இருபது வருஷம், நாற்பது வருஷம்.

அந்த இருட்டில், துவர்ப்புச் சத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடொன்று சேர்ந்து, வண்டலாகி அடியில் படிகிறது. கத்தரிப்பூச் சாயல் கொண்ட சிவப்பு, செங்கல் நிறமாக மாறுகிறது. பழ வாசனை போய்விடுகிறது. அதற்குப் பதில் காய்ந்த இலை, பதப்படுத்திய தோல், காளான், மழை பெய்த மண் என்று வேறு வாசனைகள் வருகின்றன. நாக்கைப் பிடித்து இழுத்த முரட்டு ஒயின், வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

நம் ஊரிலும் பழைய அரிசிக்குத் தனி மவுசு உண்டு. பழைய புளிக்கும் உண்டு. அதற்காகப் பழைய மோரை யாரும் தேடிப் போவதில்லை!

ஒயினும் அப்படித்தான். உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பகுதி, சில வருஷங்களுக்குள் குடித்துவிட வேண்டியது. அதைக் கொண்டுபோய் முப்பது வருஷம் நிலவறையில் வைத்தால் சப்பென்று ஆகிவிடும். காடி வாடை அடிக்கும். துவர்ப்பும் புளிப்பும் நன்றாக அமைந்த சில ஒயின்களே பழசாகிச் சிறக்கும்.

பிறந்த வருஷத்து அதிர்ஷ்டம்

நல்ல தோட்டமாக இருந்தால் மட்டும் போதாது. அந்த வருஷத்து வெயிலும் மழையும் ஒத்துழைக்க வேண்டும்.

பொர்தோவில் 1945, 1961, 1982 ஆகியவை கொழுத்த வருஷங்கள். அந்த வருஷங்களில் பிறந்தவர்கள் பாக்கியசாலிகள். 1956 பிப்ரவரியில் கடும் உறைபனி விழுந்து கொடிகளே பட்டுப்போயின. 1963-ம், 1965-ம் உதவாக்கரை வருஷங்கள்.

பாவம், 1963-ல் பிறந்தவர் என்ன செய்வார்?

அவருக்கும் வழி இருக்கிறது. போர்த்துக்கல் நாட்டின் டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் போர்ட் ஒயின் செய்கிறார்கள். திராட்சைச் சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கும்போதே, அதில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு மிஞ்சும். வீரியமும் கூடும். நல்ல போர்ட் ஒயினுக்கு ஆயுள் கெட்டி. அங்கே 1963 மிகச் சிறந்த வருஷம்! பொர்தோ கைவிட்டவரைப் போர்ட் காப்பாற்றும்.

இந்தப் போர்ட் ஒயினை வைத்து இங்கிலாந்தில் ஒரு பழக்கம் இருந்தது. பணக்கார வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால், அந்த வருஷத்துப் போர்ட் ஒயினை வாங்கி நிலவறையில் இறக்கிவிடுவார்கள். பெருந்தனக்காரர் என்றால் ஒரு முழுப் பீப்பாயே வாங்குவார். சுமார் 550 லிட்டர். புட்டியில் அடைத்தால் 700-க்கு மேல்! பையனுக்கு 21 வயது ஆகும்போது முதல் புட்டியைத் திறப்பார்கள்.

சீனாவிலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஷாவ்ஷிங் என்ற ஊரில் அரிசியில் ஒயின் செய்கிறார்கள். பெண் குழந்தை பிறந்தால் ஒரு ஜாடியை மண்ணில் புதைத்துவிடுவார்களாம். அவள் கல்யாணத்தன்று தோண்டி எடுத்து, வந்தவர்களுக்கு ஊற்றுவார்கள். அந்த ஒயினுக்குப் பெயரே "மகளின் சிவப்பு" என்று பொருள்படும்.

இரண்டு பழக்கத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே வைக்கும்போதே, வெளியே எடுக்கும் நாளையும் குறித்துவிட்டார்கள். பையனுக்கு 21 வயது. பெண்ணுக்குக் கல்யாணம். நாள் வந்தது; திறந்தார்கள்; தீர்ந்தது.

பணம் உள்ளே நுழைந்ததும், இந்தத் திறக்கும் நாள் காணாமல் போயிற்று.

ஒரு கிளாஸ் 93 ஆயிரம் டாலர்!

பர்கண்டி என்பது பிரான்சின் இன்னொரு ஒயின் சீமை. அங்கே ரொமானே கொந்தி என்று ஒரு சிறு தோட்டம். 1945-ல் அந்தத் தோட்டத்தில் 600 புட்டிதான் கிடைத்தது. அதன் பிறகு பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதில் ஒரு புட்டி, 2018 அக்டோபரில் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 5 லட்சத்து 58 ஆயிரம் டாலர்!

ஒரு புட்டியில் ஆறு கிளாஸ் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிளாஸ் 93 ஆயிரம் டாலர். இந்த விலை கொடுத்தவன், நண்பனின் பிறந்த நாளுக்கு அதைத் திறப்பானா? கை வருமா? அடுத்த ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்றுதான் யோசிப்பான்.

இதற்கும் முன்னால், 1985-ல் லண்டனில் ஓர் ஏலம் நடந்தது. ஒரே ஒரு பழம்புட்டி. கண்ணாடியில் "1787" என்று செதுக்கியிருந்தது. "லஃபீத்" என்ற பேர்பெற்ற தோட்டத்தின் பெயரும் இருந்தது. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் தலைப்பெழுத்துக்களும் இருந்தன. ஜெபர்சன் 1780-களில் பாரிசில் தூதராக இருந்தவர், ஒயின் பிரியர். அவர் வாங்கி வைத்த புட்டி என்றார்கள். பாரிசில் சுவர் எழுப்பி மூடியிருந்த ஒரு நிலவறையில் கிடைத்ததாகக் கதை.

அமெரிக்கப் பத்திரிகை முதலாளி போர்ப்ஸ் குடும்பத்தார் 1 லட்சத்து 5 ஆயிரம் பவுன் கொடுத்து அதை எடுத்தார்கள்.

எடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? கண்காட்சியில் வைத்தார்கள். மேலே பிரகாசமான விளக்கு. விளக்குச் சூட்டில் தக்கை உலர்ந்தது. ஒருநாள் பொத்தென்று புட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது!

அதோடு முடியவில்லை. இதே வகைப் புட்டிகள் நான்கை பில் கோக் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் 1988-ல் வாங்கியிருந்தார். பிற்பாடு அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆட்களை வைத்து விசாரித்தார். தலைப்பெழுத்துக்களை மின்சாரக் கருவியால் செதுக்கியிருக்கிறார்கள் என்று அவருடைய நிபுணர்கள் சொன்னார்கள். 1787-ல் மின்சாரக் கருவி ஏது?

2006-ல் வழக்குப் போட்டார். புட்டிகளைக் கண்டெடுத்ததாகச் சொன்ன ஜெர்மானியர் 2018-ல் இறந்தார். மோசடி எதுவும் செய்யவில்லை என்றே அவர் கடைசி வரை சொல்லி வந்தார்.

ஊரையே ஏமாற்றிய வாலிபன்

ரூடி குர்னியவான் என்பவரின் கதை இன்னும் வேடிக்கை. இந்தோனேசியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் இருந்தார். சின்ன வயது, தாராளமான கை. விருந்து வைத்தால் உலகத்தில் கிடைக்காத பழைய ஒயினெல்லாம் மேஜைக்கு வரும். "இவரல்லவோ நண்பர்!" என்று பெரிய மனிதர்கள் கூடினார்கள்.

விருந்து முடிந்ததும் காலிப் புட்டிகளைத் தன் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி ஓட்டல்காரர்களிடம் சொல்வார். நினைவுக்காக வைத்துக்கொள்கிறார் என்று எண்ணினார்கள்.

2008-ல் நியூயார்க்கில் ஓர் ஏலம். அவர் கொடுத்த பர்கண்டி ஒயின் புட்டிகள் அதில் இருந்தன. க்ளோ சேன் தெனி என்பது தோட்டத்தின் பெயர். செய்தவர்கள் பொன்சோ குடும்பம். லேபிளில் 1945 முதல் 1971 வரை வருஷங்கள்.

சங்கதி தெரிந்து, பிரான்சிலிருந்து லொரான் பொன்சோ பதறிக்கொண்டு விமானம் ஏறினார். அந்தத் தோட்டத்து ஒயினை அவர் குடும்பம் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான்! செய்யாத ஒயினுக்கு லேபிள் எப்படி வந்தது? புட்டிகள் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டன.

2012 மார்ச்சில் போலீசார் ரூடியின் வீட்டில் நுழைந்தார்கள். உள்ளே ஒரு தொழிற்சாலையே இருந்தது. பழைய புட்டிகள், தக்கைகள், கட்டுக் கட்டாக லேபிள்கள். பழைய பிரெஞ்சு ஒயினோடு புது ஒயினைக் கலந்து, பெயர் பெற்ற ஒயின்போலச் சுவை வரும்படி செய்திருக்கிறார். 2014-ல் கோர்ட்டு 10 வருஷம் சிறைத் தண்டனை விதித்தது. விடுதலையானதும், 2021-ல் இந்தோனேசியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அவர் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய சாமர்த்தியம் அல்ல. குடித்தவர்களின் நாக்குதான். நாற்பது வருஷம் ஒயினிலேயே புரண்டவர்கள் அந்தப் போலியைக் குடித்துவிட்டு, ஆகா என்றார்கள். லேபிளைப் படித்த கண், நாக்குக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டது.

வெள்ளைக்குச் சிவப்புச் சாயம்

"ஏமாந்தவர்கள் பணத் திமிர் பிடித்தவர்கள். படித்தவர்கள் ஏமாறுவார்களா?" என்று நினைக்க வேண்டாம்.

பொர்தோ சர்வகலாசாலையில் ஒயின் படிப்புப் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு ஒரு சோதனை வைத்தார்கள். முதலில் ஒரு வெள்ளை ஒயினும் ஒரு சிவப்பு ஒயினும் கொடுத்தார்கள். மாணவர்கள் வாசனையை வர்ணித்தார்கள். அடுத்த தடவை, அதே வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள்.

முதலில் தேன், எலுமிச்சை வகை வார்த்தைகளால் வர்ணித்த அதே ஒயினை, இப்போது சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளால் வர்ணித்தார்கள்! இந்தச் சோதனை 2001-ல் வெளியாயிற்று.

அந்த மாணவர்களைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. நாமும் பெரிய கடைப் பெயர் போட்ட பெட்டியில் வந்தால், தெருமுனை அல்வாவும் தனி ருசி என்கிறோம்.

1976 மே மாதம் 24-ந் தேதி பாரிசில் நடந்தது இன்னும் பிரசித்தம். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் அங்கே ஒயின் கடை வைத்திருந்தார். பிரெஞ்சு ஒயினையும் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயினையும் பெயர் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார். மார்க்குப் போட்ட பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர். தங்கள் நாட்டு ஒயின்தான் ஜெயிக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

முடிவு என்ன? வெள்ளையில் கலிபோர்னியா முதல். சிவப்பிலும் கலிபோர்னியாவே முதல்!

"இப்போது ஜெயிக்கலாம். பழசாகட்டும், அப்போது பாருங்கள். எங்கள் ஒயினின் அருமை தெரியும்" என்று பிரெஞ்சுக் கட்சியார் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

2006-ல், சரியாக 30 வருஷம் கழித்து, அதே சிவப்பு ஒயின்களை மறுபடியும் பெயர் மறைத்து ருசி பார்த்தார்கள். லண்டனில் ஒரு கூட்டம், கலிபோர்னியாவில் ஒரு கூட்டம். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயிற்று. 1971-ம் வருஷத்து ரிட்ஜ் மான்டே பெல்லோ முதல் இடத்தில் நின்றது.

பெயரை மூடியதால்தான் இந்த உண்மை வெளியே வந்தது.

விருந்தில் செய்ய வேண்டியது

இனி, பிறந்த நாள் மேஜைக்கு வருவோம்.

பழைய புட்டியை ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைக்க வேண்டும். வண்டல் அடியில் உட்காரும். பழைய தக்கை பொடிப் பொடியாக உதிரும். அதற்காக இரண்டு மெல்லிய தகடு வைத்த திறப்பான் ஒன்று உண்டு. தகடுகளைத் தக்கையின் இரு பக்கமும் நுழைத்து, திருகி இழுத்தால் முழுசாக வரும்.

பிறகு, புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, வேறு கண்ணாடிக் குடுவையில் மெல்லச் சாய்ப்பார்கள். வண்டல் கழுத்தை நெருங்கும்போது வெளிச்சத்தில் தெரியும். உடனே நிறுத்திவிடுவார்கள். மிகவும் வயதான ஒயின் காற்றுப் பட்டால் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடும். ஆகவே கடைசி நிமிஷத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

எட்டு நண்பர்கள் என்றால், ஆளுக்கு 100 மில்லிகூட வராது. வரவும் வேண்டாம். பக்கத்தில் வறுத்த ஆட்டுக்கறி, கெட்டியான பாலாடைக்கட்டி. மசாலா அதிகம் கூடாது.

இந்த இடத்தில்தான் என் யோசனை. எந்தப் புட்டி எது என்று ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். மற்றவர்களுக்கு எண் போட்ட குடுவைதான் வர வேண்டும். நண்பர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்லட்டும். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, பெயரைக் காட்டட்டும்.

"பிறந்த வருஷத்து எண்ணைப் பார்ப்பதில்தானே சந்தோஷம்? அதையும் மறைத்தால் விருந்தில் என்ன இருக்கிறது?" என்பார்கள். அந்தச் சந்தோஷம் எங்கும் ஓடிவிடாது. கால் மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மூடி வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பிறந்த நாள் மேஜையில் யாரும் உண்மை பேசுவதில்லை. விருந்து கொடுப்பவர் ஆசையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனம் நோகக் கூடாதே என்று, ஒயின் செத்துப்போயிருந்தாலும் "பிரமாதம்!" என்பார்கள். தக்கையில் ஒரு கோளாறு உண்டு. அது பிடித்தால் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும். எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அந்தக் கோளாறு விடாது. லேபிளைப் பார்த்துவிட்டால் அந்த நாற்றத்தையும் புகழ ஆள் இருக்கிறது! லேபிள் தெரியாவிட்டால், "இது சரியில்லையே" என்று ஒருவராவது வாய் திறப்பார்.

பணக்காரப் புட்டி தோற்று, பக்கத்து ஊரில் மலிவாக வாங்கி, மறந்துபோன மூலையில் கிடந்த புட்டி ஜெயிக்கவும் கூடும். அன்று மேஜையில் எழும் சிரிப்பு எந்த ஏலத்திலும் கிடைக்காது.

கடைசியாக, காலிப் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பேர்பெற்ற ஒயினின் காலிப் புட்டிக்கும் விலை உண்டு. அதை வாங்குகிறவர்கள் எல்லோரும் பூ வைக்க வாங்குவதில்லை. ஆகையால் விருந்து முடிந்ததும், அழியாத மையால் லேபிளின் குறுக்கே தேதியை எழுதிவிடுங்கள். வந்த எட்டுப் பேரும் அதன்மேல் கையெழுத்துப் போடட்டும். பிறகு அந்தப் புட்டியை எவனாலும் மறுபடி நிரப்பி விற்க முடியாது. தக்கையைப் பிறந்த நாள்காரர் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.